டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு வீட்டில் வாசிப்பு: அரிச்சுவடிக்கு முன்னால் ‘அம்மா’

நீங்கள் கேட்டது இது. மகளுக்கு நாலரை வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சியும் பேச்சும் தாமதமாகிற நிலை). பேசுவது இருபது வார்த்தை இருக்கும், அதுவும் வீட்டாருக்கு மட்டும்தான் புரியும். ஆறு மாதமாகச் சுவரில் அ, ஆ சார்ட்டை ஒட்டி வைத்துத் தினமும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். எந்த எழுத்தைத் தொட்டாலும் ‘அ’ என்கிறாள். பள்ளியில், ‘முதலில் பேச்சு வரட்டும், படிப்பை அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் நானே சொல்லிக்கொடுக்கலாமா, எப்படித் தொடங்குவது, இதற்குள் தாமதமாகிவிட்டதா?

தாமதம் ஆகவில்லை. நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். பேச்சு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் குழந்தைகளோடு பாயில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சிறப்புக் கல்வி ஆசிரியை நான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: இவர்களில் பல பேருக்கு வாசிப்புதான் பேச்சைக் கூட்டிக்கொண்டு வருகிறது. பேச்சுக்காக வாசிப்பைத் தள்ளிப்போட்டால், பேச்சுக்கு உதவக்கூடிய ஒன்றையே தள்ளிப்போடுகிறோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் மீதி எல்லாமே தானாகப் புரியும். ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் மனம் அதைச் சில நொடிகள் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் அதன் ஒலியும் பொருளும் உள்ளே பதிகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் காதால் கேட்டதை இப்படிப் பிடித்து வைக்கும் திறன் குறைவு. ‘தாத்தாவுக்கு டம்ளர் கொண்டுபோய்க் கொடு’ என்றால் ‘கொடு’ வருவதற்குள் ‘தாத்தா’ நழுவிவிடும். கண்ணால் பார்த்ததை நினைவில் வைப்பது அப்படி இல்லை, அது அவர்களுக்குப் பலம். சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும். எழுதிய வார்த்தை, அவள் பார்த்து முடிக்கும்வரை அங்கேயே இருக்கும்.

இதைக் கவனித்துச் சொன்னவர்களில் ஒருவர் ஒரு அப்பா. இங்கிலாந்தில் லெஸ்லி டஃபன் என்பவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகள் சாராவுக்கு மூன்று வயதிலிருந்தே வார்த்தை அட்டைகளைக் காட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். கேட்பதைவிடப் பார்ப்பதில் அவள் மொழியை எளிதாகப் பிடிக்கிறாள் என்று போர்ட்ஸ்மவுத்தில் இருந்த உளவியலாளர் சூ பக்லிக்கு எழுதினார். அதை நம்பி 1980 வாக்கில் சூ பக்லி தொடங்கிய ஆய்வுகளிலிருந்துதான் இன்றைக்கு நாங்கள் செய்வதில் பெரும்பகுதி வந்தது. ஒரு வீட்டின் கூடத்தில் தொடங்கிய காரியம் என்பதால், வீட்டில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் காதையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் இந்தக் குழந்தைகளுக்குக் குறுகல். அதனால் செவிப்பறைக்குப் பின்னால் பிசின் போல நீர் தேங்கிக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஆனால் காதில் பஞ்சு வைத்தது போலத்தான் கேட்கும். சளி பிடித்தால் மோசமாகும், சரியானால் கொஞ்சம் தேறும். அதனால் ஒரு நாள் கூப்பிட்டால் திரும்புவாள், இன்னொரு நாள் திரும்பமாட்டாள். வீட்டில் பிடிவாதம் என்பார்கள். என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றி நானே அப்படித்தான் நான்கு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பரிசோதித்தபோது இரண்டு காதிலும் நீர். அந்த நான்கு மாதம் இன்னமும் என் மனதை உறுத்துகிறது. ஈ.என்.டி. டாக்டரிடம் டிம்பனோமெட்ரியும் (செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) கேட்கும் திறன் பரிசோதனையும் கேளுங்கள், வருடம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். கண்ணிலும் இப்படி ஒன்று உண்டு. கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கக் கண் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும், இவர்களில் பெரும்பாலானோருக்கு அது முழுதாக நடப்பதில்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் இதை ஆராய்ந்து, சிறு வயதிலேயே பைஃபோகல் கண்ணாடி (மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று இரண்டு பகுதி உள்ளது) போட்டால் பலன் இருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். கண் டாக்டரிடம் ‘கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா என்றும் தனியாகப் பாருங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் வருடம் தவறாமல் வேண்டும். தைராய்டு குறைந்தால் குழந்தை மந்தமாகிவிடும், நாம் பாடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். தனியார் செலவு கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் அது. இந்தக் குழந்தைகளுக்கான பரிசோதனைகளுக்கு அங்கேயே வழிகாட்டுவார்கள்.

இனி அந்தச் சுவர் சார்ட்டுக்கு வருவோம். அதைக் கழற்றி வைத்துவிடுங்கள், பின்னால் உதவும். ‘அ’ என்ற வடிவத்துக்கு உங்கள் மகளின் வாழ்க்கையில் எந்தப் பொருளும் இல்லை. அணிலும் ஆடும் படத்தில் இருக்கின்றன, எழுத்தில் இல்லை. பொருள் இல்லாத வடிவங்கள் 247-ஐ வரிசையாக வைத்தால், அவள் முதலில் கேட்ட ஒலியை எல்லாவற்றுக்கும் சொல்லத்தான் செய்வாள். அவள் ‘அ’ என்று சொல்வது மக்குத்தனம் இல்லை. நீங்கள் ஏதோ பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது, தன்னிடம் இருக்கும் ஒரே பதிலைத் தருகிறாள். முழு வார்த்தையிலிருந்து தொடங்குங்கள். ‘அம்மா’ என்று எழுதியிருந்தால் அதற்கு முகம் இருக்கிறது, வாசனை இருக்கிறது.

எந்த வார்த்தைகள்? அவளுக்குக் கேட்டால் புரிகிற, அவள் வாழ்க்கையில் தினமும் வருகிற வார்த்தைகள். ஐம்பது நூறு வார்த்தை கேட்டுப் புரிந்துகொள்கிறாள், ஒரே மாதிரி இரண்டு படங்களைச் சேர்த்து வைக்கிறாள், ஐந்து நிமிடம் உட்காருகிறாள் என்றால் தயார் என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படம் சேர்ப்பது இன்னும் வரவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் அதை மட்டும் விளையாடுங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம். எல்லா வீட்டிலும் ‘அம்மா’, ‘அப்பா’ இரண்டையும் சேர்த்துத்தான் தொடங்குவார்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டாம். இரண்டையும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் அதே ‘அ’, கடைசியில் அதே கால், நடுவில் மட்டும்தான் வித்தியாசம். புதிதாகப் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘அம்மா’வோடு ‘தோசை’யை வையுங்கள். வடிவம் முழுக்க வேறு. மூன்றாவதாக அவள் பெயர், நான்காவதாக ‘பஸ்’ அல்லது ‘நாய்’, எது அவளுக்கு உயிரோ அது. அப்பாவை ஐந்தாவது ஆறாவதாகக் கொண்டுவாருங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்.

தமிழில் கற்றுக்கொடுக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. வீட்டில் ‘தண்ணி’, புத்தகத்தில் ‘தண்ணீர்’. குழந்தைக்குத் தெரிந்த வார்த்தையை எழுதினால் எழுத்துப் பிழை, சரியாக எழுதினால் அவளுக்கு அது புது வார்த்தை. நான் செய்வது இதுதான்: முதல் முப்பது வார்த்தைகளைப் பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாக இருப்பவையாகத் தேர்ந்தெடுப்பேன். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, தோசை, இட்லி, பூ, பந்து, பஸ், கார், கை, பூனை, சட்டை, வா, தா, போ. போதுமான அளவு இருக்கின்றன. பால், நாய், மீன், கண் எல்லாம் பேச்சில் பாலு, நாயி, மீனு, கண்ணு ஆகிவிடும். அட்டையில் ‘பால்’ என்று எழுதி, அவள் ‘பாலு’ என்று வாசித்தால் அது சரியான வாசிப்பு. ‘பா’ என்று மட்டும் சொன்னாலும் சரிதான். வாசிப்பு நேரத்தில் உச்சரிப்பைத் திருத்தவே வேண்டாம். ‘ஆமா, பால்!’ என்று நீங்கள் தெளிவாகத் திரும்பச் சொன்னால் போதும். சைகையில் காட்டினாலும் அது வாசித்ததாகத்தான் கணக்கு.

அட்டைக்குக் காசு செலவழிக்காதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் உள்பக்கம், தினசரி காலண்டரின் பின்னட்டை, எது கெட்டியோ அது. வெள்ளைத் தாளை ஒட்டி, தடித்த மார்க்கரில் இரண்டு அங்குல உயரத்துக்கு எழுதுங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு அட்டை வேண்டும். எழுதும் அட்டையில் படம் கூடாது. படம் இருந்தால் கண் படத்துக்குத்தான் போகும், எழுத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். படத்துக்குத் தனியாகப் போட்டோ: போனில் எடுத்து ஸ்டூடியோவில் போஸ்ட் கார்டு அளவில் பிரிண்ட் போடுங்கள். உங்கள் வீட்டுத் தோசைக்கல்லில் இருக்கும் தோசை, உங்கள் தெரு நாய். கடையில் விற்கும் படத்தில் இருக்கும் நாயை அவளுக்குத் தெரியாது.

சொல்லிக்கொடுக்கும் முறைக்கு மூன்று படி: பொருத்து, எடு, சொல். பாயில் எதிரெதிரே உட்காருங்கள். ‘அம்மா’, ‘தோசை’ என்ற இரண்டு அட்டைகளையும் அவள் முன்னால் வையுங்கள். இன்னொரு ‘அம்மா’ அட்டையை அவள் கையில் கொடுத்து, ‘அம்மா. இதை அம்மாமேல வை’ என்று சொல்லுங்கள். அவள் கை தோசைப் பக்கம் போகத் தொடங்கினால், போய்ச் சேர்வதற்கு முன்பே மணிக்கட்டைப் பூப்போலப் பிடித்துச் சரியான அட்டைமேல் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். வைத்ததும் ‘ஆமா, அம்மா!’ ‘தப்பு’, ‘இல்லை’ என்ற வார்த்தைகளே வரக்கூடாது. நான் குழந்தைகளைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கச் சொல்கிறேன் என்று ஒரு தாத்தா சண்டைக்கே வந்தார். விஷயம் வேறு. இந்தக் குழந்தைகள் ஒரு தடவை தப்பாகச் செய்ததையும் சரியாகச் செய்ததைப் போலவே நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் அதை அழிப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். தப்பு நடக்கும் முன்பே கையைத் திருப்புவது அதற்காகத்தான். உங்கள் கையின் உதவியை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வாருங்கள்: மணிக்கட்டு, பின்பு முழங்கை, பின்பு வெறும் விரல் நீட்டல், கடைசியில் ஒன்றும் இல்லை.

பொருத்துவது சுலபமாகிவிட்டால் இரண்டாவது படி. இரண்டு அட்டையும் முன்னால் இருக்க, ‘தோசை எடு’ என்று கேட்டு உள்ளங்கையை நீட்டுங்கள். எடுத்துக் கொடுத்தால், அவள் அந்த வார்த்தையை வாசித்துவிட்டாள். வாயால் சொல்லவில்லை என்றாலும் வாசித்துவிட்டாள். இதை வீட்டில் எல்லாரும் நம்ப வேண்டும். எடுத்த அட்டையைக் கொண்டுபோய்ப் போட்டோமேல் வைக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கும் பொருளுக்கும் முடிச்சு விழுவது அங்கேதான். மூன்றாவது படியான சொல்வதற்கு அவசரமே வேண்டாம்.

நாம் எல்லாரும் செய்கிற ஒரு தவறு, அட்டையைத் தூக்கிக் காட்டி ‘இது என்ன? சொல்லு, இது என்ன?’ என்று கேட்பது. அது சொல்லிக்கொடுப்பது இல்லை, பரீட்சை வைப்பது. பேச்சு கடினமாக இருக்கிற குழந்தையிடம் மூன்றாவது படியை முதல் நாளே கேட்டால், அவள் சிரிப்பாள், கட்டிப்பிடிப்பாள், அட்டையை வீசுவாள், பாயைவிட்டு எழுந்து ஓடுவாள். முடியாததிலிருந்து தப்பிக்க இந்தக் குழந்தைகள் நம் மனதை மயக்குவதில் கெட்டிக்காரர்கள். அப்படி நடந்தால் திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். அவளால் நிச்சயம் முடிகிற ஒரு பொருத்தலைக் கொடுத்து, அதை முடித்ததும் ‘முடிஞ்சுது’ என்று நீங்களே அட்டைகளைக் கட்டி வைத்துவிடுங்கள். அடுத்த முறை இன்னும் சுலபமாக ஆரம்பியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. இன்னும் வேண்டும் என்று அவள் கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். குளித்துச் சாப்பிட்ட பிறகு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டிவி ஓடக்கூடாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நாலு வயது, பேச்சு அநேகமாக இல்லை. அப்பா டவுன் பஸ் கண்டக்டர், அதனால் ‘பஸ்’தான் அவனுக்கு முதல் அட்டை. ஒன்பது நாள் அம்மாவின் கை பிடித்துத்தான் பொருத்தினான். பத்தாவது நாள் கையை உதறிவிட்டுத் தானே வைத்தான். வைத்துவிட்டு அந்த அட்டையை இரண்டு தட்டுத் தட்டினான், கண்டக்டர் பஸ்ஸைத் தட்டி ‘ரைட்’ கொடுப்பது போல. ஒரு மாதம் கழித்து அந்த அப்பா மூச்சு வாங்க வந்து சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை தரையில் பேப்பர் விரித்துப் படித்துக்கொண்டிருந்தாராம். பையன் தவழ்ந்து வந்து தலைப்பில் ஓரிடத்தில் விரலை வைத்து ‘பா’ என்றானாம். பஸ் கட்டணம் பற்றிய செய்தி. வேறு அச்சு, வேறு அளவு, வேறு இடம், கூட வேறு வார்த்தைகள். அத்தனைக்கும் நடுவில் தன்னுடைய வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டான். பஸ்ஸுக்கு அவன் வாயில் வந்த முதல் ஒலியும் அதுதான். அதற்கு முன் பஸ்ஸைப் பார்த்தால் கைதான் காட்டுவான்.

பத்து வார்த்தை தெரிந்ததும் சேர்த்து வைக்கத் தொடங்கிவிடுங்கள், ஐம்பது வரட்டும் என்று இருக்காதீர்கள். ‘அம்மா வா’. ‘தோசை தா’. ‘இது பூ’. ‘பெரிய பந்து’. ஒற்றை வார்த்தையில் பேசும் குழந்தை, இரண்டு அட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு வார்த்தையாகப் பேசும். பள்ளிக்கூட நோட்டை வெட்டி ஆறு பக்கத்தில் புத்தகம் தையுங்கள். பக்கத்துக்கு ஒரு போட்டோ, கீழே ஒரு வரி. கதாநாயகி அவள்தான். கோவில் போனது, பாட்டி வீட்டில் கன்றுக்குட்டி பார்த்தது, முடி இறக்கியது. இந்தப் புத்தகங்களைக் கிழியும்வரை வாசிப்பார்கள்.

வாக்கியம் நீளும்போது ‘சாப்பிடறா’ என்று எழுதுவதா, ‘சாப்பிடுகிறாள்’ என்று எழுதுவதா என்ற கேள்வி வரும். ஆரம்பப் புத்தகங்களில் அந்த மாதிரி வினைகளைத் தவிர்த்துவிடுவேன். பிறகு எழுத்துத் தமிழிலேயே எழுதி, அப்படியே கதை சொல்வது போல வாசித்துக் காட்டுவேன். குழந்தைகள் இதற்குப் பழகிக்கொள்கிறார்கள். அதோடு நம் மொழியில் ‘க்கு’, ‘ஓட’, ‘ல’ எல்லாம் வார்த்தையின் வாலில் ஒட்டிக்கொண்டு மெல்லிசாக ஒலிப்பவை. காது சரியில்லாத குழந்தைக்கு அவை கேட்கவே கேட்காது, அதனால் பேச்சிலும் வராது. ‘தாத்தாவுக்கு’ என்று எழுதி, ‘க்கு’வை மட்டும் சிவப்பில் எழுதிப் பாருங்கள். காதில் விழாதது கண்ணில் விழும். ஒரு பெண் குழந்தை ஏழு வயதில் ‘பாட்டி காபி’ என்பதை ‘பாட்டிக்கு காபி’ என்று மாற்றிக்கொண்டது அந்தச் சிவப்பு எழுத்தால்தான்.

எழுத்துகள் எப்போது? முப்பது நாற்பது வார்த்தை கையில் வந்த பிறகு. அப்போதும் அ, ஆ வரிசையில் வேண்டாம். அவளுக்குத் தெரிந்த பஸ், பந்து, பல் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, முதல் எழுத்தை மட்டும் காட்டி மீதியைக் கையால் மூடுங்கள். ‘ப’. இப்படி அவளுக்குத் தெரிந்த வார்த்தைக்குள்ளிருந்தே எழுத்து வெளியே வர வேண்டும். தமிழ் நமக்கு இங்கே பெரிய உதவி செய்கிறது. ஆங்கிலக் குழந்தை ‘cat’ என்று வாசிக்க மூன்று ஒலியைத் தனித்தனியாகப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். நமக்குப் பெரும்பாலும் ஒரு எழுத்தே ஒரு அசை, தோ-சை என்று வாயில் இயல்பாகப் பிரிகிற இடத்திலேயே எழுத்தும் பிரிகிறது. ‘பூ’, ‘கை’, ‘வா’, ‘தா’, ‘போ’ என்று ஒரே எழுத்தே ஒரு வார்த்தையாகவும் நிற்கிறது. அந்த அட்டைகள் ஏற்கெனவே அவளிடம் இருக்கின்றன. ‘பூ’வும் ‘னை’யும் சேர்ந்தால் ‘பூனை’ என்று அட்டையை வெட்டி ஒட்டிக் காட்டலாம். ‘தோ’வில் கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது என்றெல்லாம் விளக்கவேண்டாம், ‘தோ’ ஒரே உருவம். ண-ன, ல-ள-ழ, ர-ற இவற்றை ஒரே வாரத்தில் கொண்டுவராதீர்கள். ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றது. ‘க’ ஒரு வார்த்தையில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் ஒலிக்கிறதே என்று பெற்றோர்தான் கவலைப்படுகிறார்கள். முழு வார்த்தை தெரிந்த குழந்தைக்கு அது தடையாக இருந்து நான் பார்த்ததில்லை.

‘இவர்களால் படம் போல வார்த்தையை அடையாளம் காட்டத்தான் முடியும், எழுத்துக்கூட்ட முடியாது’ என்று சில நிபுணர்களே சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பழைய எண்ணம். 2012-இல் இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் டவுன் சிண்ட்ரோம் உள்ள 57 பள்ளிக் குழந்தைகளோடு நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஒரு பாதிக்குத் தினமும் 40 நிமிடம், 20 வாரம், வாசிப்பும் மொழியும் சேர்த்துப் பயிற்சி. வார்த்தை வாசிப்பிலும், எழுத்தின் ஒலி அறிவதிலும், ஒலிகளை ஒட்டுவதிலும் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள். வயதில் சிறியவர்களும், வகுப்புகளைத் தவறவிடாதவர்களும் இன்னும் அதிகமாக. ஆனால் சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்த அளவில்தான் நின்றது, சொல்லிக்கொடுக்காத திறன்களுக்குத் தானாகப் பரவவில்லை. நம் அனுபவமும் அதுதான். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து எழுத்திலிருந்து மீதியை ஊகித்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு ஒவ்வொன்றையும் நாம் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எழுதுவதை இதில் கலக்கவேண்டாம். தசைகள் தளர்வு, விரல்கள் குட்டை, பென்சில் பிடிப்பு வர இன்னும் காலமாகும். வாசிப்புக்கு அதற்காகத் தடை போட்டால் இரண்டும் வராது. இப்போதைக்குச் சப்பாத்தி மாவு பிசையட்டும், துணி கிளிப் போடட்டும், தட்டில் அரிசி பரப்பி விரலால் ‘ப’ கோடு இழுக்கட்டும்.

பள்ளி ஆங்கில வழி என்றால் எந்த மொழியில் தொடங்குவது என்றும் அடுத்து கேட்பீர்கள். வீட்டில் பேசும் மொழியில்தான். ‘இரண்டு மொழி குழப்பும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இரண்டு மொழி கேடு செய்வதில்லை என்று கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டியிடம் பேச மொழி இல்லாமல் ஒரு குழந்தையை வளர்ப்பது பெரிய இழப்பு. எழுத்து வடிவத்தில் மட்டும் முதல் ஐம்பது வார்த்தை வரை ஒன்றோடு இருங்கள், ஆங்கில அட்டைகள் அதற்குப் பின் வரட்டும். பள்ளியில் சேர்க்கத் தயங்கினால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொல்லுங்கள். 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவள் உரிமை. கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எவ்வளவு தூரம் போவாள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். என்னிடம் வந்தவர்களில் சிலர் இன்று செய்தித்தாள் வாசிக்கிறார்கள், சிலர் பஸ் போர்டு, கடைப் பெயர், ஆவின் பாக்கெட், மாத்திரை அட்டை, தன் பெயர் அளவில் நின்றார்கள், இருவருக்கு எழுத்துக்கூட்டுவது வரவே இல்லை. வாசிக்கிற எல்லாம் அவர்களுக்குப் புரிந்துவிடுவதும் இல்லை, அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘யார் வந்தா? எங்க போனா?’ என்று பேசிக்கொண்டே போக வேண்டும். காய்ச்சல் வந்து படுத்தால் தெரிந்த வார்த்தையும் மறக்கும். ஐந்தாறு வாரம் ஒரு புது வார்த்தையும் ஏறாமல் நிற்கும், பிறகு ஒரே வாரத்தில் நான்கு ஏறும். அதனால்தான் ஒரு நோட்டு வேண்டும் என்கிறேன். தேதி, வார்த்தை, பொருத்தினாளா, எடுத்தாளா, சொன்னாளா, அவ்வளவுதான். மனம் தளரும் நாளில் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு.

நாளைக் காலை ‘அம்மா’, ‘தோசை’ இரண்டையும் இரண்டிரண்டு அட்டையாக எழுதிவிடுங்கள். போட்டோ வரும்வரை பொருத்துவதை மட்டும் விளையாடலாம். மூன்று வாரம் கழித்து அந்த நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்த பத்து வார்த்தைகளைச் சேர்ந்து உட்கார்ந்து தேர்ந்தெடுப்போம்.